கணக்கில் பொய் எழுதிய கம்பெனியில் பணம் போட்டிருந்தால்: எந்த வாசல், எந்தத் தேதி, என்ன செலவு

அப்பா வீரவநல்லூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் 6 லட்சத்தை ஒரு வீட்டுக்கடன் கம்பெனியில் எஃப்டியாகப் போட்டார். இன்னொரு 4 லட்சம் அதே கம்பெனியின் கடன் பத்திரத்துக்குப் போனது. அந்தப் பத்திரத்தை வாங்க வைத்தது அவருக்குப் பென்ஷன் வருகிற வங்கி. தம்பி தன் பங்குக்கு அதே கம்பெனியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தான். இல்லாத ஆட்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்ததாகக் கணக்கெழுதிவிட்டுப் பணத்தை வேறு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருநாள் செய்தி வந்தது. ஆடிட்டர் வருஷம் தவறாமல் ‘கணக்கு சரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கே போகவேண்டும் என்பதைவிட எந்தத் தேதிக்குள் போகவேண்டும் என்பதில்தான் பலர் பணத்தை விட்டார்கள். வாசல் பல, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் மூடும்.

1. உங்கள் கையில் இருப்பது என்ன காகிதம்?

"நானும் அந்தக் கம்பெனியில் போட்டிருக்கேன்" என்று சொன்னால் போதாது. எஃப்டி ரசீது வைத்திருப்பவர் டெபாசிட்தாரர். கடன் பத்திரம் வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர். பங்கு வைத்திருப்பவர் கம்பெனியில் ஒரு பங்காளி. சட்டம் மூவரையும் ஒன்றாகப் பார்க்காது.

கம்பெனி திவாலுக்குப் போனால் டெபாசிட்தாரரும் பத்திரக்காரரும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். பங்குதாரர் கடைசி. டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் திவால் கதை 2021 ஜூனில் முடிந்தபோது பெரிய தொகை எஃப்டி போட்டவர்களுக்கு 100 ரூபாய்க்குச் சுமார் 23 ரூபாய் கிடைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை. இந்தக் கணக்கை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் வரும் என்று சொல்கிற யாரையும் நம்பவேண்டாம்.

இன்னொன்று. வங்கி எஃப்டிக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கம்பெனி எஃப்டிக்கு அது கிடையாது. அப்பா இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தார்.

2. காகிதங்களைச் சேருங்கள், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்

எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பீரோவுக்குள் கிடந்தது. தரையில் பாயை விரித்துப் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். தேவைப்பட்டவை இவைதான்: எஃப்டி ரசீது, புதுப்பித்திருந்தால் பழைய ரசீதின் நகல், பத்திர ஒதுக்கீட்டுக் கடிதம், டீமேட் கணக்கு அறிக்கை, பணம் போன நாளைக் காட்டும் பாஸ்புக் பக்கம், வட்டி வந்த பக்கங்கள், வட்டியில் வரி பிடிக்கவேண்டாம் என்று வருஷா வருஷம் கொடுத்த 15ஹெச் படிவத்தின் நகல், பான், ஆதார், ரத்து செய்த காசோலை ஒன்று.

பாஸ்புக்கில் மை மங்கியிருந்தால் வங்கியில் முத்திரையோடு கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள். வங்கியே எதிர்க்கட்சி ஆகப்போகிறது என்றால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். புகார் கொடுத்தபின் அதே கவுண்டரில் நீங்கள் காத்திருக்கிற நேரம் கூடிவிடும்.

பெயரில்தான் பலர் மாட்டுகிறார்கள். அப்பாவின் ரசீதில் ஒற்றை இனிஷியல், பான் கார்டில் தாத்தா பெயர் முழுசாக, ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்தோம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப் அடித்து, நோட்டரி கையெழுத்தும் வாங்க அரை நாள் ஆனது. அந்த ஒரு தாள் பின்னால் நான்கு இடத்தில் உதவியது.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் ரசீதின் பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். ஐந்து செட் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று வேண்டும்.

3. திவால் அறிவிப்பு: 14 நாள், தவறினால் 90 நாள்

பணம் திரும்பி வருவதற்கு இருக்கிற பெரிய வாசல் இதுதான். கம்பெனியைத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கைக்கு எடுத்துக்கொண்டால் ஒரு நிர்வாகியை நியமிக்கும். அவர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, பாக்கி உள்ளவர்கள் எல்லாரும் உரிமைகோரல் படிவம் கொடுங்கள் என்று கேட்பார். அவர் நியமனமான நாளிலிருந்து 14 நாள் கெடு. தவறவிட்டவர்கள், நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 90 நாளுக்குள் கொடுக்கலாம். அதற்குப் பின்னால் போனால் தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டும், சேர்ப்பார்களா என்பது அவர்கள் கையில்.

நாங்கள் சிக்கியது இங்கேதான். அறிவிப்பு கம்பெனியின் பதிவு அலுவலகமும் முக்கிய அலுவலகமும் இருக்கும் ஊரில், ஓர் ஆங்கிலப் பேப்பரிலும் அந்த ஊர் மொழிப் பேப்பர் ஒன்றிலும் வரவேண்டும் என்பது விதி. மும்பைக் கம்பெனி என்றால் மராத்திப் பேப்பரில் வரும், வீரவநல்லூருக்கு வருகிற பேப்பரில் வராது. அம்பாசமுத்திரத்தில் பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போன அப்பாவிடம் ஒருவர், "என்ன சார்வாள், ஃபாரம் குடுத்தாச்சா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றைக்கு 81-வது நாள். 86-வது நாள் இரவு அனுப்பி முடித்தோம்.

அதனால் கம்பெனி பற்றிக் கெட்ட செய்தி வந்த நாளிலிருந்து திங்கட்கிழமைதோறும் இரண்டு இடம் பாருங்கள்: இந்தியத் திவால் வாரியத்தின் இணையதளத்தில் பொது அறிவிப்புகள் பகுதி, அப்புறம் கம்பெனியின் சொந்த இணையதளம். ஐந்து நிமிட வேலை.

எஃப்டிகாரர்கள் மாதிரி ஒரே வகையில் நிறையப் பேர் இருந்தால் நிரப்பவேண்டியது ‘சிஏ’ என்ற பெயருள்ள படிவம். இதை மின்வழியில்தான் அனுப்பவேண்டும். அப்பாவுக்கு மின்னஞ்சல் இல்லை, என்னுடையதைக் கொடுத்தோம். கொடுத்த முகவரியைக் கடைசிவரை மாற்றக்கூடாது. வட்டியை நடவடிக்கை தொடங்கிய நாள் வரைக்கும் மட்டும் கணக்கிடவேண்டும், படிவம் நிரப்புகிற நாள் வரைக்கும் அல்ல. எங்கள் தெருவில் ஒருவர் முதிர்வுத் தொகையை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். திருத்தச் சொல்லிப் படிவம் திரும்பி வந்தது. உங்கள் வகையின் சார்பில் பேச மூன்று பெயர்களைக் காட்டி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள், பின்னால் உங்கள் ஓட்டு அவர் வழியாகத்தான் போகும்.

படிவத்துக்குக் கட்டணம் இல்லை. எங்களுக்கு ஸ்கேன் எடுத்த செலவுதான். "நான் ஃபைல் பண்ணித் தாரேன், ஆயிரத்து ஐந்நூறு" என்று கேட்டவர்கள் நெல்லை ஜங்ஷன் பக்கமும் இருந்தார்கள், வாட்ஸ்அப்பிலும் வந்தார்கள். அனுப்பியதும் நிர்வாகி வெளியிடுகிற பட்டியலில் உங்கள் பெயரும் தொகையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்.

கடன் பத்திரத்துக்கு வேறு ஏற்பாடு. பத்திரக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறங்காவலர் நிறுவனம் இருக்கும். வழக்கமாக அதுதான் மொத்தமாகக் கோரும். அதன் பெயர் ஒதுக்கீட்டுக் கடிதத்தில் இருக்கும். "என் பத்திர எண் இது, உங்கள் கோரிக்கையில் நான் சேர்ந்திருக்கிறேனா?" என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். பதிலே வராவிட்டால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் அறங்காவலர் மேல் புகார் போடலாம். கட்டணம் கிடையாது, 21 நாளில் அவர்கள் பதில் சொல்லவேண்டும், விவகாரம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போடவேண்டும். திவாலுக்குப் போய்விட்ட கம்பெனி மேலேயே ஸ்கோர்ஸில் போட்டால் நிற்காது.

திவால் நடக்கும் காலத்தில் கம்பெனி மேல் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நகராது. ஆனால் அந்தத் தடை கம்பெனிக்கு மட்டும். ஆடிட்டருக்கும் வங்கிக்கும் அது குடை பிடிக்காது.

4. வங்கி: விற்றவரைக் கேட்கிற வாசல்

வங்கி தன் எஃப்டி வாடிக்கையாளர்களிடம் வேறு கம்பெனியின் பத்திரத்தை விற்றால், என்ன சொல்லி விற்றது என்பதுதான் வழக்கே. யெஸ் வங்கியின் ஏடி-1 பத்திரங்களை (வங்கி நொடித்தால் முழுசாகவே அழிந்துபோகக்கூடிய பத்திரங்கள்) சொந்த வாடிக்கையாளர்களின் தலையில் கட்டியதற்காகச் செபி 2021 ஏப்ரலில் அந்த வங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. எஃப்டியைவிட உசத்தி என்று சொல்லி விற்றதுதான் அங்கேயும் குற்றச்சாட்டு.

அப்பாவிடம் சொன்னது இதுதான்: "சார், இதும் நம்ம பேங்க் எஃப்டி மாதிரிதான். வட்டி மட்டும் ரெண்டு பர்சென்ட் கூட." வாய்ச்சொல்லை எப்படி நிரூபிப்பது என்று நாங்கள் திகைத்துத்தான் நின்றோம். வழி காட்டியது விண்ணப்பம். வாங்கும்போது கையெழுத்திட்ட படிவங்களின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்கினோம். அதில் ‘எவ்வளவு இடர் தாங்குவீர்கள்’ என்ற பக்கத்தில், 71 வயது பென்ஷன்காரரான அப்பாவுக்கு எதிரே ‘மிக அதிகம்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அப்பா எப்போதும் மைப்பேனாவில் நீலக்கறுப்பு மையில்தான் எழுதுவார். கையெழுத்து அந்த மை, சற்று நடுங்கியது. டிக் எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில், அழுத்தமாக, ஒரே மூச்சில் போட்டது. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அப்பா வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வழக்கில் முக்கியமான ஆதாரம் அதுதான் ஆனது. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மையின் நிறம் தெரியாது. அதனால் ஒரிஜினலை நேரில் பார்க்க நேரம் கேட்டு, கலரில் நகல் வாங்குங்கள்.

இப்போது வரிசை. முதலில் வங்கிக் கிளைக்கு எழுத்துமூலம் புகார். கிளையின் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448.

அதோடு தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், மும்பைக்கு ஓடவேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கெடு 2 வருஷம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்கமாட்டார். அதனால் குறைதீர்ப்பாளர் முதலில், ஆணையம் பிறகு. அதே சமயம் அங்கே காத்திருக்கிறோம் என்று 2 வருஷத்தைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. காலண்டரில் 20-வது மாதத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள். அதற்குள் முடிவு வராவிட்டால் ஆணையத்துக்குப் போய்விடுங்கள்.

தம்பி மாதிரிப் பங்கு வாங்கியவர்களுக்கு இந்த வாசல் பெரும்பாலும் திறக்காது. பங்கு வாங்கி விற்பது வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள்.

எங்கள் வழக்கில் 14 மாதத்தில் உத்தரவு வந்தது, அப்பாவுக்குச் சாதகமாக. வங்கி 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்தது. அப்படிச் செய்யவேண்டும் என்றால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்யமுடியும். பாதியாவது பத்திரமாக இருக்கிறது என்று அப்பா அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டார்.

5. ஆடிட்டர்: பணம் தராத வாசல், ஆனால் ஆதாரம் தரும்

ஆடிட்டரின் அறிக்கையை நம்பித்தானே போட்டோம் என்ற கோபம் நியாயமானது. ஆனால் ‘ஏமாந்தார்’ என்பதும் ‘உடந்தை’ என்பதும் வேறு வேறு. வங்கியிடமிருந்து நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கவேண்டிய இருப்புத் தொகையைக் கம்பெனி கொடுத்த தாளிலேயே பார்த்து ஒப்புக்கொண்டாரா, கடன் வாங்கியவர்களின் கோப்புகளில் சிலவற்றையாவது எடுத்துப் பார்த்தாரா, இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்காது. விசாரணை அமைப்புகளிடம் இருக்கும்.

பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளின் ஆடிட்டர்களை விசாரிப்பது 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம். அதன் உத்தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆடிட்டர் எந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டார் என்பதை அதில் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். சின்னக் கம்பெனிகளின் ஆடிட்டர் என்றால் பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. முதலாம் படிவம், மூன்று பிரதி, கட்டணம் 2,500 ரூபாய். இரண்டு இடமும் அபராதம் போடும், தொழில் செய்யத் தடை போடும். உங்கள் பணத்தை வாங்கித் தராது. அந்த உத்தரவை வைத்து நீங்கள்தான் நஷ்டஈடு கேட்கவேண்டும்.

கம்பெனியின் ஆண்டறிக்கைகளை இப்போதே இறக்கி வையுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் 3 மணி நேரம் அதன் பொது ஆவணங்களைப் பார்க்கலாம். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எந்த வருஷங்கள் வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 3 மணி நேரம் சீக்கிரம் ஓடிவிடும். நான் முதல் தடவை தேடுவதிலேயே பாதி நேரத்தை விட்டேன்.

சிவில் வழக்குக்கு 3 வருஷக் கெடு. மோசடி என்றால் அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நிதி அறிக்கை ஆணையத்தின் உத்தரவு வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம் என்று சும்மா இருக்காதீர்கள். முதல் செய்தி பேப்பரில் வந்த நாளையே கணக்கு வையுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பேப்பரைத்தான் முதலில் நீட்டுவார்.

6. கூட்டு வழக்கு: 100 பேர் சேர்ந்தால்

2013 கம்பெனிச் சட்டத்தின் 245-வது பிரிவு பங்குதாரர்களும் டெபாசிட்தாரர்களும் கூட்டாகத் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக வழி செய்கிறது. கம்பெனி, இயக்குநர்கள், ஆடிட்டர், தவறான விவரம் கொடுத்த ஆலோசகர் என எல்லாரிடமும் நஷ்டஈடு கேட்கலாம். ஆடிட்டர் என்றால் கையெழுத்துப் போட்டவர் மட்டுமல்ல, அவருடைய நிறுவனமும் பொறுப்பு.

குறைந்தது 100 பேர், அல்லது மொத்தப் பங்குதாரர்களில் 5 சதவீதம் பேர், இதில் எது குறைவோ அது. டெபாசிட்தாரர்களுக்கும் இதே கணக்கு. தலைக்கணக்கு இல்லாமல் தொகைக் கணக்கிலும் போகலாம்: பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியில் 2 சதவீதப் பங்கு சேர்ந்தால் போதும். கடன் பத்திரக்காரர்களுக்கு இந்தப் பிரிவு இல்லை. கம்பெனியே வங்கியாக இருந்தாலும் பொருந்தாது.

நம் பக்கத்துக்கு உள்ள சங்கடம் தூரம். உயர் நீதிமன்றத்துக்கு மதுரைக் கிளை இருக்கிறது, இந்தத் தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். ராஜாஜி சாலையில் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் போய்விடலாம். ஆனால் பதிவு அலுவலகம் மும்பையில் என்றால் வழக்கும் மும்பையில்தான். காணொளி விசாரணை வந்தபின் ஒவ்வொரு தேதிக்கும் போகவேண்டியதில்லை; வக்கீலிடம் முதலிலேயே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

100 பேரைத் தேடுவதுதான் உண்மையான வேலை. தம்பி வண்ணார்பேட்டையில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் ஆரம்பித்து, பாளையங்கோட்டை, தென்காசி, வள்ளியூர் என்று சுற்றி 4 மாதத்தில் 63 பேரைச் சேர்த்தான். அதற்குள் கம்பெனி திவாலுக்குப் போய்விட்டது, கம்பெனி மேல் வழக்குத் தொடுக்க முடியவில்லை. முதல் வாரத்திலேயே ஆரம்பித்திருந்தால் எட்டியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வழக்கு வீண் என்று தீர்ப்பாயம் கருதினால் 1 லட்சம் வரை எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை கட்டவேண்டி வரலாம். இன்னொரு பக்கம், தீர்ப்பாயம் அனுமதித்தால் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியிலிருந்து கூட்டு வழக்கின் சட்டச் செலவைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. வக்கீல் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

அமெரிக்காவில் வழக்குப் போட்டால் கிடைக்குமே என்று சிலர் சொல்வார்கள். சத்யம் என்ற ஐடி கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில் 2011-ல் அங்கே நடந்த வழக்கில் கம்பெனி 12.5 கோடி டாலரும் தணிக்கை நிறுவனம் 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. இங்கே இருந்துகொண்டு இங்கே பங்கு வாங்கியவர்களுக்கு அதில் பங்கில்லை.

7. ஊர் பைனான்ஸ் என்றால்

பங்குச்சந்தையில் இல்லாத உள்ளூர் நிதி நிறுவனம், நகைக்கடைச் சேமிப்பு மாதிரி என்றால் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் ரசீதோடு புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. 1997-ன் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கி, மதுரையில் உள்ள சிறப்பு நீதிமன்றம் வழியாக ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் புகார் கொடுத்துவிட்டார், எல்லாருக்கும் வந்துவிடும் என்று இருக்காதீர்கள். உங்கள் பெயர் பட்டியலில் இல்லையென்றால் பிரிக்கும்போது உங்களுக்கு இல்லை.

8. காத்திருக்கும் காலத்தில்

செபியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் விடுவிக்கத் தயார், வரியை மட்டும் முன்னால் கட்டுங்கள் என்று அப்பாவுக்கு இரண்டு தடவை போன் வந்தது. உரிமைகோரியவர்களின் பட்டியல் பொதுவில் இருப்பதால் பெயரும் தொகையும் சரியாகச் சொல்வார்கள். கட்டாதீர்கள்.

பூர்த்தி செய்யாத வக்காலத்து நாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடம் ஒரிஜினல் ரசீதை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

எஃப்டி பணத்தில் முதல் பகுதி எங்களுக்கு வர இரண்டரை வருஷம் ஆனது. 100-க்கு 30-க்கும் குறைவு. இது வருஷக்கணக்கில் இழுக்கிற விஷயம், போட்டவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். நாமினி பெயர் ரசீதில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாமல் அவர் காலமாகிவிட்டால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்திட்டு, நிர்வாகிக்குப் புதிதாக எழுதவேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

படிவத்தில் எழுதிய வங்கிக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். 2 வருஷம் நீங்களாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் அதைச் செயல்படாத கணக்கில் தள்ளிவிடுவார்கள். கேஒய்சி புதுப்பிக்காததால் பணம் வந்த வேகத்தில் திரும்பிப் போனதும் எங்கள் தெருவிலேயே நடந்தது. அப்பாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் சேரன்மகாதேவிக் கிளைக்குக் கூட்டிப் போகிறேன். 500 ரூபாய் போடுவார், பாஸ்புக்கில் வரி ஏறுகிறதா என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்ப்பார், 200 எடுத்துக்கொண்டு வருவார்.